பதறுபவருக்கு ஒன்று, விலகுபவருக்கு வேறொன்று: பிணைப்பு வகைக்கு ஏற்ற மனவிழிப்புப் பயிற்சி

மூச்சைக் கவனிக்கும் பத்து நிமிடப் பயிற்சியை இரண்டு பேருக்கு வீட்டில் செய்யச் சொல்லி அனுப்புகிறீர்கள். அடுத்த வாரம் ஒருவர் வந்து, "பத்து நிமிஷமும் அவர் ஏன் இன்னும் பதில் போடலைங்கிற நினைப்புதான் ஓடுச்சு. எனக்கு இதெல்லாம் வராது போல" என்கிறார். இன்னொருவர், "நல்லா இருந்துச்சு. ஒண்ணும் தோணலை. நானே இருபது நிமிஷமா ஆக்கிட்டேன்" என்கிறார். கவலை முதலாமவர் மேல்தான் திரும்பும். ஆனால் அவர் தன் மனதில் ஓடியதைப் பார்த்துவிட்டார், பார்த்ததைச் சொல்லவும் செய்கிறார். இரண்டாமவர் உணர்விலிருந்து ஒதுங்கத் தனக்கு ஏற்கெனவே தெரிந்த வழிகளோடு இதையும் சேர்த்துக்கொண்டிருக்கலாம். கூடுதலாக விசாரிக்க வேண்டியது அவரைத்தான்.

ஒரே பயிற்சி இரண்டு பேரிடம் இரண்டு வேலை செய்கிறது. அது எந்த வேலை என்று தீர்மானிப்பதில் அவரவர் பிணைப்புப் பாணிக்கு, அதாவது நெருங்கியவர்களை நாடவும் அவர்களிடமிருந்து ஒதுங்கவும் பழகிய விதத்துக்கு, பெரிய பங்கு உண்டு. இந்த வழிகாட்டி உளசிகிச்சையாளர்களுக்கும் ஆலோசகர்களுக்குமானது. சிகிச்சையில் இருப்பவர் படித்தாலும், தன் பயிற்சி எங்கே இடறுகிறது என்று பிடிபடும்.

பிணைப்பும் மனவிழிப்பும் எங்கே சந்திக்கின்றன

பிணைப்புக் கோட்பாட்டைத் தொடங்கிவைத்தவர் ஜான் பௌல்பி. அதற்கு ஆய்வு ஆதாரம் சேர்த்தவர் மேரி ஐன்ஸ்வர்த். அவருடைய சோதனையில் 12 முதல் 18 மாதக் குழந்தையைத் தாயிடமிருந்து சில நிமிடம் பிரித்து, மறுபடி சேர்ப்பார்கள். தாய் போகும்போது குழந்தை அழுகிறதா என்பதைவிட, அவர் திரும்பி வந்ததும் அது என்ன செய்கிறது என்பதே முக்கியமான தடயம். ஓடி வந்து ஒட்டிக்கொண்டு, சீக்கிரம் தேறி விளையாட்டுக்குத் திரும்பினால் பாதுகாப்பான பிணைப்பு. ஒட்டிக்கொண்டே திமிறி, எதிலும் தேறாமல் இருந்தால் பதற்றப் பிணைப்பு. தாய் வந்ததையே கண்டுகொள்ளாமல் பொம்மையோடு இருந்தால் விலகல் பிணைப்பு.

அந்தக் கடைசிக் குழந்தைகளைப் பார்த்தால் எதுவும் பாதிக்காதது போலிருக்கும். 1977இல் ஸ்ரூஃபும் வாட்டர்ஸும் இதயத்துடிப்பை அளந்தபோது அந்தக் குழந்தைகளுக்கும் துடிப்பு ஏறித்தான் இருந்தது. பெரியவர்களிடமும் இதே கதைதான். 1992இல் டோசியரும் கோபாக்கும், உறவின் தேவையை அமுக்கிப் பழகியவர்களிடம் பெற்றோரைப் பிரிந்தது, பெற்றோர் ஒதுக்கியது பற்றிக் கேட்டபோது, அவர்களுடைய தோலின் மின்கடத்தும் திறன் (உள்ளே கிளர்ச்சி எழுந்தால் கூடுவது) உயர்ந்ததைப் பதிவுசெய்தார்கள். வாய் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தது. உடல் அப்படி இல்லை. விலகல் பாணிக்காரருக்குப் பயிற்சியை ஏன் உடலிலிருந்து தொடங்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

பெரியவர்களின் பிணைப்பை இப்போது பெட்டி பெட்டியாகப் பிரிப்பதைவிட இரண்டு அச்சுகளில் அளப்பதே வழக்கம். ஒன்று பதற்றம்: விட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம். மற்றொன்று விலகல்: நெருக்கத்திலும் பிறரைச் சார்ந்திருப்பதிலும் உள்ள அசௌகரியம். இரண்டும் குறைவாக இருந்தால் பாதுகாப்பு. பதற்றம் மட்டும் அதிகமானவர் உணர்வைக் கூட்டிப் பெருக்குவார். யாராவது கேட்கும்வரை சத்தத்தை ஏற்றுவது அவர் கற்றுக்கொண்ட உத்தி. விலகல் மட்டும் அதிகமானவர் உணர்வை அணைப்பார். கேட்டால் பலனில்லை என்று கற்றுக்கொண்டவரின் உத்தி அது. இரண்டும் அதிகமானவர் நெருங்க ஆசைப்பட்டு, நெருங்கியதும் பயந்து ஓடுவார்.

மைண்ட்ஃபுல்னெஸ் என்கிற மனவிழிப்பு, அதாவது நடப்பதை நடக்கும்போதே தீர்ப்புச் சொல்லாமல் கவனிப்பது, மருத்துவத்துக்குள் பரவலாக வந்தது ஜான் கபாட்-ஸின் 1979இல் தொடங்கிய எட்டு வாரத் திட்டத்தின் வழியாக. ரூத் பேயர் குழுவினர் 2006இல் அதை ஐந்து கூறுகளாகப் பிரித்தார்கள்: கவனித்தல், சொல்லில் வைத்தல், செய்வதை உணர்ந்து செய்தல், தீர்ப்புச் சொல்லாதிருத்தல், உடனே எதிர்வினை காட்டாதிருத்தல். சிகிச்சையாளருக்கு இந்தப் பிரிவு மிகவும் பயனுள்ளது. "இவருக்கு மனவிழிப்பு குறைவு" என்று சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. எந்தக் கூறு குறைவு என்று தெரிந்தால்தான் பயிற்சியைத் தேர்ந்தெடுக்க முடியும்.

பிணைப்பில் பதற்றமோ விலகலோ அதிகமானவர்களுக்கு மனவிழிப்பு மதிப்பெண் சராசரியாகக் குறைவாக இருப்பதை ஷேவர், மிகுலின்சர் குழுவினர் 2007இல் காட்டினார்கள். பின்னர் வந்த ஆய்வுகளும் அதே திசையில்தான் பேசுகின்றன. பிணைப்பு, மனவிழிப்பு இரண்டுமே மனநலனோடு தொடர்புடையவை; இரண்டையும் அதோடு இணைக்கும் பாலம் பெரும்பாலும் உணர்வைக் கையாளும் திறன். ஆனால் இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒரே சமயத்தில் வினாத்தாள் கொடுத்து எடுத்தவை. தியானம் செய்தால் பிணைப்பு சரியாகிவிடும் என்று இவற்றை வைத்து யாருக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது. அடக்கமான ஒரு வேலைத் திட்டம் போதும்: சிகிச்சை உறவு பாதுகாப்பைத் தரும், அந்தப் பாதுகாப்பை இரண்டு அமர்வுகளுக்கு நடுவே தாங்கிப் பிடிக்கும் கைப்பிடியாகப் பயிற்சி இருக்கும்.

முதல் மூன்று அமர்வுகள்: அளப்பதும் பார்ப்பதும்

மூன்று வினாத்தாள்கள் போதும். பிணைப்புக்கு ஈ.சி.ஆர்., அதாவது நெருங்கிய உறவுகளில் உள்ள அனுபவத்தைக் கேட்கும் தாள்; 36 கேள்விகள், இரண்டு அச்சுக்கும் பதினெட்டுப் பதினெட்டாக, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை. மனவிழிப்புக்குப் பேயரின் 39 கேள்வித் தாள். மனநலனுக்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்விகள், அதாவது டபிள்யூ.எச்.ஓ.-5. கடைசியாகச் சொன்னது கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 5. கூட்டி 4ஆல் பெருக்கினால் 0 முதல் 100 வரை வரும். 50க்குக் கீழே வந்தால் மனச்சோர்வு இருக்கிறதா என்று தனியாக விசாரிக்க வேண்டும்.

மதிப்பெண்ணைப் படிப்பதில் இரண்டு இடங்களில் சறுக்கும். பேயரின் தாளில் "கவனித்தல்" அதிகமாக இருந்தால் நல்லது என்று நினைத்துவிடுவோம். தியானப் பழக்கம் இல்லாதவர்களிடம் அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. கவனித்தல் உயர்ந்து, தீர்ப்புச் சொல்லாதிருத்தல் தாழ்ந்திருந்தால், அவர் தன் நெஞ்சுத் துடிப்பு ஒவ்வொன்றையும் எண்ணிப் பயப்படுபவராக இருக்கலாம். பதற்றப் பாணியில் இந்தச் சேர்க்கை வருகிறதா என்று தவறாமல் பாருங்கள். அவருக்கு மேலும் மேலும் கவனிக்கச் சொல்லிக் கொடுப்பது எரிகிற நெருப்பில் எண்ணெய்.

இரண்டாவது சறுக்கல் விலகல் பாணியில். தன் உணர்வே தெரியாதவரிடம் தன் உணர்வைப் பற்றி வினாத்தாளில் கேட்கிறோம். "பிரச்சினை இல்லை" என்ற கட்டங்களையே நிரப்பிக் கொடுப்பார். எனவே தாளோடு நிறுத்தாமல் இந்த மூன்றையும் வாய்விட்டுக் கேளுங்கள்:

- கடைசியாக உடம்பு சரியில்லாமல் போனபோது யாரிடம் சொன்னீர்கள், எப்போது சொன்னீர்கள்?
- நெருக்கமான ஒருவர் ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை என்றால் முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்வீர்கள்?
- சின்ன வயதில் அழுதால் யார் வருவார்கள், வந்து என்ன செய்வார்கள்?

மூன்றாவது கேள்விக்கு "எல்லாரும் ரொம்பப் பாசமா இருந்தாங்க" என்று பதில் வந்து, ஒரு சம்பவம் சொல்லச் சொன்னால் எதுவும் நினைவுக்கு வரவில்லை என்றால், விலகல் பக்கம் ஒரு குறி போட்டுக்கொள்ளலாம். பதில் பத்து நிமிடம் நீண்டு, இருபது வருடத்துக்கு முந்தைய கோபம் நேற்று நடந்தது போல் கொதித்தால், பதற்றத்தின் பக்கம். குறி மட்டும்தான், முத்திரை இல்லை. "நீங்க பதற்ற டைப்", "நீங்க விலகல் டைப்" என்று முகத்துக்கு நேரே சொல்வதால் எந்த நன்மையும் இல்லை. பதறுபவர் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு இரவெல்லாம் இணையத்தில் தேடுவார். விலகுபவர் அதை ஒரு தகவலாக வாங்கி ஓரமாக வைத்துவிடுவார்.

பயிற்சிக்கு முன்னால் உறவு

முதல் அமர்விலேயே கண்ணை மூடச் சொல்லாதீர்கள். அறிமுகமில்லாத ஒருவர் முன்னால் கண்ணை மூடுவது பாதுகாப்பற்ற பிணைப்பு உள்ளவருக்குச் சின்ன விஷயம் இல்லை. மூன்றாவது அல்லது நான்காவது அமர்வு வரை காத்திருங்கள். அதற்குள் சில ஏற்பாடுகள் நிலைபெற வேண்டும்: ஒரே நாள், ஒரே நேரம், விடுப்பு எடுப்பதானால் குறைந்தது இரண்டு வாரம் முன்னதாகச் சொல்வது, இடையில் தொடர்புகொள்ளலாமா, எந்த வழியில், எத்தனை மணி நேரத்துக்குள் பதில் வரும் என்பதை எழுதியே கொடுப்பது. இது நிர்வாக வேலை போலத் தெரியும். பிணைப்பு அடிபட்டவருக்குச் சிகிச்சையின் பாதி இதிலேயே நடக்கிறது. சொன்ன நேரத்தில் சொன்ன ஆள் இருக்கிறார் என்பது அவர் அதிகம் காணாத அனுபவம்.

தற்கொலை எண்ணம் தீவிரமாக இருப்பவர், மனப்பிறழ்வு அறிகுறிகள் நடப்பில் உள்ளவர், மது அல்லது போதையில் மூழ்கியிருப்பவர் ஆகியோருக்கு முதலில் அந்தந்தச் சிகிச்சை, பிறகே இந்தப் பயிற்சி. கொடுமைகளைக் கடந்து வந்தவர்களை மட்டும் ஒட்டுமொத்தமாக விலக்கிவிடாதீர்கள். திரும்பத் திரும்ப மனச்சோர்வு வருபவர்களுக்கான மனவிழிப்புச் சிகிச்சையில், மார்க் வில்லியம்ஸ் குழுவினரின் 2014ஆம் ஆண்டு ஆய்வு, இளமையில் அதிகக் காயம்பட்டவர்களுக்கே பலன் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. பயிற்சி வேண்டுமா என்று கேட்பதைவிட, எந்த அளவில், எந்த வேகத்தில் என்று கேட்பதே பொருத்தம்.

எந்தப் பயிற்சிக்கும் மூன்று சுதந்திரங்களை முன்கூட்டியே சொல்லுங்கள். கண் திறந்திருக்கலாம். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், அதற்குக் கையைத் தூக்கினால் போதும். மூச்சு பிடிக்கவில்லை என்றால் பாதம், சத்தம், கையில் பிடித்த பொருள் எதையாவது எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது சுதந்திரத்தை ஒரு முறை ஒத்திகை பார்ப்பது நல்லது. சொல்லிவிட்டோம் என்பதற்காக யாரும் கையைத் தூக்கிவிடுவதில்லை.

பதற்றம் அதிகமானவருக்கு

இவருக்கு எண்ணங்களும் உணர்வுகளும் நிறையத் தெரிகின்றன. இல்லாதது, உணர்வுக்கும் செயலுக்கும் நடுவே ஓர் இடைவெளி. அந்த இடைவெளியை வளர்ப்பதுதான் குறிக்கோள். நீண்ட மௌன தியானம் வேண்டாம். மூன்று முதல் ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு முறை. கவனத்தை நெஞ்சிலோ மூச்சிலோ வைக்காமல் பாதத்தில் வையுங்கள். பதறும்போது முதலில் கலங்குவது மூச்சு. அதையே பிடித்துக்கொள்ளச் சொன்னால் கலக்கத்தையே பிடித்துக்கொள்வார்.

உண்மையான பலன் தரும் இடம் செய்தி அனுப்பும் முன்னாலுள்ள நிமிடங்கள். மனவிழிப்புச் சிகிச்சையில் உள்ள மூன்று நிமிட மூச்சு இடைவெளியை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

1. அனுப்பத் துடிக்கும் செய்தியைத் தட்டச்சு செய்யுங்கள், அனுப்பாதீர்கள். போனைக் கவிழ்த்து, கை எட்டாத தூரத்தில் வையுங்கள். நேரம் பார்க்க அதே போனை வைத்துக்கொண்டால் அறிவிப்பு வந்து கெடுக்கும். சுவர்க் கடிகாரம் பாருங்கள்.

2. முதல் நிமிடம்: மூன்று வாக்கியம், முணுமுணுப்பாகவாவது சத்தமாக. ஒன்று எண்ணம்: "அவர் என்னை ஒதுக்குறார்னு ஒரு எண்ணம் இருக்கு." ஒன்று உணர்வு: "பயம் இருக்கு." ஒன்று உடல்: "தொண்டையில அடைப்பு இருக்கு."

3. இரண்டாவது நிமிடம்: இரண்டு பாதமும் தரையில். குதிகால், விரல் நுனி, தரையின் குளிர்ச்சி. எண்ணம் இழுத்தால் மறுபடி குதிகாலுக்கு.

4. மூன்றாவது நிமிடம்: கவனத்தை உடல் முழுவதற்கும் விரியுங்கள். அடைப்பு இருந்தால் இருக்கட்டும்.

5. இப்போது செய்தியை எடுத்துப் படியுங்கள். அனுப்பலாம், மாற்றலாம், அழிக்கலாம். துடிப்பு முன்னால் எத்தனை, இப்போது எத்தனை என்று 0 முதல் 10க்குள் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது படியில் "அனுப்பாதே" என்று விதி போடக் கூடாது. போட்டால் இது பயிற்சியாக இல்லாமல் தண்டனை ஆகிவிடும், அனுப்பிவிட்ட நாளில் உங்களிடம் பொய் சொல்வார். துடிப்பு 9இல் இருந்து 7க்கு வந்து, அதன் பிறகு அனுப்பினாலும் அது முன்னேற்றம்தான்.

கெடும் இடங்கள் இவருக்கு மூன்று. முதலாவது, கவனிப்பதாக நினைத்து அசைபோடுவது. கண்டுபிடிக்க எளிய வழி அவருடைய வாக்கியத்தைக் கேட்பது: கவனிப்பவரின் வாக்கியம் "இருக்கு" என்று முடியும், அசைபோடுபவரின் வாக்கியம் "ஏன்" என்று தொடங்கும். "ஏன்" வந்தால் பாதத்துக்குத் திரும்பச் சொல்லுங்கள், பதில் தேட வேண்டாம். இரண்டாவது, பதற்றம் நிற்க வேண்டும் என்பதற்காகவே செய்வது. அன்றைக்கு நிற்கவில்லை என்றால், "இதுவும் என்னைக் கைவிட்டுடுச்சு" என்று பயிற்சியோடும் அதே பழைய உறவு தொடங்கிவிடும். மூன்றாவது உங்களைச் சேர்ந்தது: தினமும் இரவு பயிற்சிக் குறிப்பைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்புவார். அருமை என்று பதில் போடத் தோன்றும். போட ஆரம்பித்தால், அவர் பயிற்சியை உங்கள் பாராட்டுக்காகச் செய்வார். ஒரு நாள் நீங்கள் மறந்தால் அன்றைய பதற்றத்துக்குக் காரணமும் நீங்களே. குறிப்புகளை அமர்வுக்குக் கொண்டுவரச் சொல்லி, அங்கே முழுக் கவனத்தோடு படியுங்கள்.

விலகல் அதிகமானவருக்கு

இவர்தான் பயிற்சியில் முதல் மாணவராக வருவார். ஒழுங்காகச் செய்வார், குறித்து வைப்பார், புகார் சொல்ல மாட்டார். ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் வாழ்க்கையில் எதுவும் நகர்ந்திருக்காது. அமைதி கூடியிருக்கும், மனைவியோ கணவனோ சொல்லும் புகார் அப்படியே இருக்கும். உணர்வை அமுக்குவதில் இவருக்குத் திறமை உண்டு, சாதாரண நாளில் அது வேலையும் செய்யும். ஆனால் மிகுலின்சர் குழுவினரின் 2004ஆம் ஆண்டுச் சோதனையில், மனதுக்கு வேறொரு கடினமான வேலையைச் சேர்த்துக் கொடுத்ததும் அமுக்கி வைத்த பிரிவு நினைவுகள் மேலே வந்தன. வேலை போவது, பெற்றோர் நோயில் விழுவது போன்ற சுமை ஏறும் காலத்தில் இவர் திடீரென்று உடைவதாக வீட்டார் சொல்வது இதனால்தான்.

எனவே நேரத்தைக் கூட்டாதீர்கள். தனியே அரை மணி நேரம் உட்காருவது இவருக்குச் சொர்க்கம். இரண்டு நிமிடம், மனிதர்களோடு பழகி முடித்த உடனே, அதுதான் கடினம். அமர்வுக்குள் தொடங்குங்கள். "பரவாயில்லை" என்ற சொல் வரும்போது நிறுத்தி, அதற்கு முந்தைய ஐந்து விநாடிக்குத் திரும்பிப் போங்கள்:

"உங்க தம்பி கல்யாணத்துக்கு உங்களைக் கூப்பிடவே இல்லைன்னு சொன்னீங்க."

"ஆமா. பரவாயில்ல, எனக்கும் அன்னைக்கு வேலை இருந்துச்சு."

"ஒரு நிமிஷம். ‘கூப்பிடவே இல்லை’ன்னு நான் சொன்னப்போ, ‘பரவாயில்ல’ வர்றதுக்கு முன்னாடி, உடம்புல எங்கயாவது ஏதாவது மாறுச்சா? தொண்டை, நெஞ்சு, வயிறு?"

"ஒண்ணும் இல்லையே."

"சரி. தொண்டையில ஒண்ணும் இல்ல. நெஞ்சுல?"

"...தாடை கொஞ்சம் இறுகின மாதிரி."

"தாடை. இறுக்கம் எவ்வளவு, பத்துக்கு?"

"மூணு."

அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள். அந்த மூன்றுக்குக் கோபம் என்றோ துக்கம் என்றோ நீங்கள் பெயர் வைத்தால் தாடை பூஜ்யத்துக்குப் போய்விடும், பேச்சு கல்யாண ஏற்பாடுகளுக்குத் தாவிவிடும். சொல்லில் வைப்பது அவர் வேலை. சில வாரங்களில் அவராகவே "கடுப்பா இருந்துச்சு" என்பார். அவருடைய அகராதியில் அது பெரிய சொல்.

வீட்டுக்கு: ஒரு நாளைக்கு இரண்டு முறை, யாருடனாவது பேசி முடித்த பத்து நிமிடத்துக்குள், தொண்டை, தாடை, நெஞ்சு, வயிறு என்று நான்கு இடங்களை வரிசையாகப் பார்ப்பது. சூடு, இறுக்கம், கனம், ஒன்றுமில்லை என்று ஏதாவது ஒரு சொல்லை எழுதுவது. "ஒன்றுமில்லை" என்பதும் சரியான பதிவே, ஆனால் எந்த இடத்தில் என்று எழுத வேண்டும். நான்காவது வாரத்திலிருந்து ஒரு படி சேருங்கள்: வாரத்தில் இரண்டு நாள், எழுதியதில் ஒரு வரியை வீட்டில் ஒருவரிடம் சொல்வது. அறிவுரை கேட்க வேண்டாம், விளக்கவும் வேண்டாம். "உன்கிட்ட பேசிட்டு வந்தப்போ வயிறு கனமா இருந்துச்சு" என்றால் போதும். பலர் பயிற்சியை விடுவது இந்தப் படியில்தான். "நேரமில்லை" என்பார்கள். சுருக்கி வாரம் ஒரு நாள் ஆக்குங்கள், படியை எடுத்துவிடாதீர்கள்.

அன்பைப் பெருக்கும் தியானங்களை இவருக்குத் தொடக்கத்தில் கொடுக்காமலிருப்பது நல்லது. "நான் நலமாக இருக்க வேண்டும், அவர் நலமாக இருக்க வேண்டும்" என்று சொல்லும்போது ஒன்றும் தோன்றாமல் போகும். "எனக்கு அன்பே இல்லை போல" என்ற பழைய முடிவுக்கு அது இன்னொரு சாட்சி ஆகிவிடும்.

இரண்டும் அதிகமானவருக்கு

இங்கே அவசரம் ஆபத்து. முதல் மாதத்தில் முப்பது விநாடி முதல் ஒரு நிமிடம் வரை, அமர்வுக்குள் மட்டும், கண் திறந்தபடி, வெளியே உள்ளவற்றின் மேல் கவனம்: அறையில் தெரியும் ஐந்து நிறங்கள், கேட்கும் மூன்று சத்தங்கள், நாற்காலி முதுகில் படும் இடம். பார்வை நிலைகுத்துவது, குரல் தட்டையாவது, கை மரத்துப்போகிறது என்று சொல்வது, கேள்விக்குப் பதில் தாமதமாவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பயிற்சியை நிறுத்தி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எழுந்து நிற்கச் சொல்லுங்கள். "ஆழமாகப் போகிறார்" என்று தவறாகப் படிக்கப்படும் நிலை இது. அவர் ஆழத்துக்குப் போகவில்லை, அறையை விட்டே போய்விட்டார். இரண்டு அமர்வு தொடர்ந்து இப்படி நடந்தால் மனவிழிப்பை ஒத்திவைத்து, அதிர்ச்சிக்கான சிகிச்சையில் தேர்ந்தவரோடு கலந்துபேசுங்கள்.

உறவில் விரிசல் விழும்போது

நீங்கள் பத்து நிமிடம் தாமதமாக வருகிறீர்கள். போன வாரம் சொன்ன பெயரை மறந்துவிடுகிறீர்கள். விடுப்பு அறிவிக்கிறீர்கள். பிணைப்புப் பாணி வினாத்தாளை விட்டு இறங்கி அறைக்குள் வருவது அந்த நாளில்தான். பதறுபவர் குற்றம் சாட்டுவார், அல்லது அளவுக்கு மீறி நல்லவராக நடந்துகொள்வார். விலகுபவர் அடுத்த வாரம் வேலை என்று செய்தி அனுப்புவார். எட்வர்ட் ட்ரோனிக் தாய்-சேய் ஆய்வுகளில் கண்டது இங்கே ஆறுதல்: நன்றாக இருக்கும் ஜோடிகளும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் ஒத்திசைவில் இருக்கிறார்கள். மீதி நேரம் பிசகுவதும் சரிசெய்வதும்தான். பிசகாமல் இருப்பதில் பாதுகாப்பு வளர்வதில்லை, சரிசெய்வதில் வளர்கிறது.

செய்ய வேண்டியது இந்த வரிசையில். முதலில் உங்கள் உடம்பைப் பாருங்கள், ஒரு மூச்சு அளவு. வயிறு சுருங்கியிருந்தால் சமாதானம் சொல்லத் துடிக்கிறீர்கள். தோள் ஏறியிருந்தால் நியாயம் சொல்லத் துடிக்கிறீர்கள். இரண்டையும் ஒத்திவையுங்கள். பிறகு நடந்ததை ஒரே வாக்கியத்தில், காரணம் இல்லாமல் சொல்லுங்கள்: "இன்னைக்கு நான் பத்து நிமிஷம் லேட்டா வந்தேன், உங்களைக் காக்க வெச்சுட்டேன்." அடுத்து, காத்திருந்த அந்தப் பத்து நிமிடத்தில் உடம்பில் என்ன நடந்தது என்று கேளுங்கள். "கோபமா இருக்கா?" என்று கேட்டால் "இல்லை" என்ற பதிலோடு கதவு மூடும். கடைசியில், அப்போது தேவைப்பட்டது என்ன என்று கேளுங்கள். இழந்த பத்து நிமிடத்தை எப்படி ஈடுசெய்வது என்று சேர்ந்து முடிவெடுங்கள். எல்லாம் சேர்த்து எட்டு, பத்து நிமிடம்தான் ஆகும். அந்த வாரத்துக்கு நீங்கள் தயாரித்து வைத்திருந்த எந்தப் பயிற்சியைவிடவும் இது மேல்.

உங்களுக்கும் ஒரு பிணைப்புப் பாணி உண்டு என்பதை மறக்க வேண்டாம். பதறுபவரோடு அமர்வு நேரம் தொடர்ந்து ஐந்து நிமிடம், பத்து நிமிடம் நீள்கிறதா, விலகுபவரோடு பேச்சு சுவாரசியமான கோட்பாட்டு விவாதமாக மாறி, உள்ளுக்குள் தூக்கம் வருகிறதா என்று மாதம் ஒரு முறை குறிப்பேட்டைப் புரட்டிப் பாருங்கள். ஒவ்வொரு அமர்வுக்கும் முன் ஒரு நிமிடம் பாதத்தைத் தரையில் உணர்வது சடங்காகத் தோன்றலாம். முந்தைய ஆளின் பதற்றத்தை அடுத்த ஆளுக்குக் கொண்டுபோகாமலிருக்க அதுவே போதும்.

பலன் தெரிகிறதா

டபிள்யூ.எச்.ஓ.-5 இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. 10 புள்ளி மாறினால் பொருட்படுத்தத்தக்க மாற்றம். மனவிழிப்புத் தாள் எட்டாவது வாரத்தில். ஈ.சி.ஆர். ஆறு மாதத்துக்கு முன் வேண்டாம். பிணைப்பு அவ்வளவு வேகமாக நகராது, நகர்ந்தது போலத் தெரிந்தால் அது பெரும்பாலும் அந்த வார மனநிலை.

விலகுபவருக்கு ஐந்தாவது, ஆறாவது வாரத்தில் மனநல மதிப்பெண் சற்று இறங்கலாம். இதுவரை தெரியாதது தெரியத் தொடங்கியிருக்கிறது என்பது காரணமாக இருக்கலாம். இதைத் தொடக்கத்திலேயே சொல்லி வைக்காவிட்டால் அந்த வாரத்தில் நின்றுவிடுவார். அதற்காக எல்லா இறக்கத்தையும் நல்ல அறிகுறி என்று தேற்றிக்கொள்ளவும் கூடாது. தூக்கமும் சாப்பாடும் கெட்டால், இறக்கம் நான்கு வாரத்தைத் தாண்டினால், பயிற்சியைப் பாதியாகக் குறைத்து மனச்சோர்வுக்கான மதிப்பீட்டை மறுபடி செய்யுங்கள். மதிப்பெண் ஏறாமலும் இறங்காமலும் எட்டு வாரம் கிடந்தால் பயிற்சியை மாற்றும் முன், அவர் உங்களோடு எப்படி இருக்கிறார் என்று பாருங்கள். அங்கே அடைத்திருந்தால் எந்தப் பயிற்சியும் இறங்காது.

முடிப்பதும் ஒரு பிரிவுதான். குறைந்தது ஆறு அமர்வுக்கு முன்னால் தேதியைச் சொல்லுங்கள். வாரம் ஒன்று இரண்டு வாரத்துக்கு ஒன்றாகவும், பிறகு மாதம் ஒன்றாகவும் ஆகட்டும். பதறுபவருக்கு அந்தக் காலத்தில் பழைய அறிகுறிகள் திரும்பலாம், அதைப் பார்த்துத் தேதியைத் தள்ளிப்போட வேண்டாம். மூன்று நிமிடப் பயிற்சியை இப்போது இந்தப் பிரிவின் மேலேயே செய்யட்டும். விலகுபவர் கடைசி அமர்வுக்கு வராமல் நன்றி என்று ஒரு செய்தியோடு முடிக்கப் பார்ப்பார். அதனால் விடைபெறும் பேச்சைக் கடைசிக்கு முந்தைய அமர்விலேயே தொடங்கிவிடுங்கள். இருவருக்கும் டபிள்யூ.எச்.ஓ.-5 தாளின் ஒரு பிரதி கொடுத்தனுப்புங்கள்: மாதம் ஒரு முறை தானே நிரப்ப வேண்டும், தொடர்ந்து இரண்டு மாதம் 50க்குக் கீழே வந்தால் கூப்பிட வேண்டும், எந்த எண்ணில், எந்த நேரத்தில் என்பதையும் அதே தாளில் எழுதிக் கொடுங்கள்.